மாட்டாஸ்பத்திரிக் குதிரை

எங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரிக்கு எத்தனையோ டாக்டர்கள் வந்தார்கள், போனார்கள். ஸ்கூட்டரில் வந்தவர்கள் உண்டு. காலை பஸ்ஸில் மன்னார்குடியிலிருந்து வந்து மத்தியான பஸ்ஸிலேயே திரும்பியவர்களும் உண்டு. குதிரையோடு வந்தவர் அந்த டாக்டரம்மா ஒருவர்தான். மற்றவர்கள் முகம் எனக்கு நினைவில்லை. இவரை மறந்துவிடலாம் என்று நானே சில வருஷம் முயன்று பார்த்தேன். நடக்கவில்லை.

அப்போது நான் மாட்டாஸ்பத்திரிக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். ஊரில் பாதிப் பேருடைய வீட்டுக்காரர்கள் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் பூத் வாசலில் பெண்கள் வரிசை கட்டி நிற்பார்கள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டால் பேசுவது வெளியே கேட்காது என்று அவர்களுக்கு நம்பிக்கை. எனக்கு எல்லாம் கேட்கும். கேட்காத மாதிரி ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருப்பேன். ஊரில் யார் வீட்டில் என்ன என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் வாயைத் திறக்க மாட்டேன். அந்த ஒரு விஷயத்தில் நான் கெட்டிக்காரி.

குதிரை வந்த கதையே வேடிக்கைதான். மெட்ராஸுக்கு வைக்கோல் ஏற்றிப் போன லாரி ஒன்று திரும்பி வரும்போது குதிரையை ஏற்றிக்கொண்டு வந்தது. பந்தயத்தில் ஓடி, வேகம் போதாது என்று கழித்துவிட்ட பெண் குதிரை. செம்பட்டை நிறம், நெற்றியில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை. அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்ததாம். ஊரில் யாரும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாட்டுக்கு வைக்கிற மாதிரி செவலை என்று வைத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து டாக்டரம்மாவும் செவலை என்றே கூப்பிட ஆரம்பித்தார். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவர், பெயரையும் வாங்கிக்கொண்டார்.

அதுதான் அவர். கொடுத்ததை வேண்டாம் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. காலையில் நாலு வீட்டுக்கு மாடு பார்க்கப் போனால் நாலு வீட்டிலும் காபி குடிப்பார். போதாததற்கு டீக்கடை பாய் ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டுவார், அதையும் குடிப்பார்.

"அது வயிறா, இல்ல மன்னார்குடி ஹரித்ராநதிக் கொளமா?" என்று கேட்டேன் ஒருநாள்.

"குடுக்குறாங்களே அக்கா" என்றார்.

வேப்பெண்ணெய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், புடலங்காய் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண்ணுக்கு மல்லிகைப்பூ கொடுக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை, அவரும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். குதிரையின் கடிவாளத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். டீக்கடை பாய் நாகூரிலிருந்து கொண்டுவந்த கயிறு ஒரு பக்கம், திருவிடைமருதூர் போய் வந்தவர்கள் கொடுத்த திருநீற்றுப் பொட்டலம் ஒரு பக்கம். டாக்டரம்மாவின் அப்பா தரங்கம்பாடிப் பக்கம் லுத்தரன் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். மகளைப் பார்க்க வந்தபோது கடிவாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "குதிரைக்கு எல்லாரோட ஆசீர்வாதமும் இருக்கு போல" என்று மட்டும் சொன்னார்.

இந்தக் குணம் எப்போதும் வேடிக்கையாகவே இருக்கவில்லை. ஒருமுறை தரகர் ஒருவர் மாப்பிள்ளை போட்டோவை நீட்டினார். இவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். வாங்கினால் சம்மதம் என்று தரகர் அந்த வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் தட்டு தாம்பூலத்தோடு வந்து இறங்கிய பிறகு, ஹெட்மாஸ்டர் தரங்கம்பாடியிலிருந்து ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தார். நான் அன்று டாக்டரம்மாவைக் கிழி கிழி என்று கிழித்தேன்.

"போட்டோவ அந்தாளு மொகத்துக்கு நேரா நீட்டித் திருப்பிக் குடுத்திருக்க வேண்டியதுதானே?"

"பாவம்க்கா, அவ்ளோ தூரம் சைக்கிள்ல வந்தாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதிரி ஆட்களோடு பழகுவது சுகம்தான், பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்.

குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று ஊருக்கு முதலில் புரியவில்லை. ரேக்ளா வண்டி தெரியும், சினிமாவில் குதிரை தெரியும். இவர் விடிந்ததும் களத்துக்குப் போய் குதிரை மேல் உட்கார்ந்து வட்டம் வட்டமாகவும் எட்டு எட்டாகவும் நடத்திக்கொண்டிருந்தார். யூரியா சாக்கில் வைக்கோலை அடைத்து இரண்டு பக்கமும் நிறுத்தி, மேலே மூங்கில் கழி போட்டுத் தாண்ட வைத்தார். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

"மூணு நாள் போட்டிக்கா" என்றார். "மொத நாள் ஒரு எடத்துல கோலம் போடுற மாதிரி அடியெடுத்து வச்சு நடக்கணும், ஒரு புள்ளி தப்பக் கூடாது. ரெண்டாவது நாள் மேடு பள்ளம், வாய்க்கா, மரக்கட்ட எல்லாம் தாண்டி ஓடணும். மூணாவது நாள் கழி தாண்டணும். மூணு நாளும் ஒரே குதிர, ஒரே ஆளு."

"ஜெயிச்சா என்ன தருவாங்க?"

"ரிப்பன்."

"ரிப்பன் மன்னார்குடி கடைத்தெருவுலயே கெடைக்குமே, அதுக்கு எதுக்குக் குதிர?"

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சொன்னார்: "ஜெயிக்கிறதெல்லாம் பட்டாளத்துக்காரங்க அக்கா, இல்ல பணக்கார வீட்டுப் பிள்ளைங்க. நான் காலேஜ்ல கத்துக்கிட்டு ஆசைக்கு ஓட்டுறவ. மூணு நாளும் முடிச்சிட்டு செவலையோட வெளிய வரணும். ஒரு தடவ போதும்."

பெங்களூரில் நடக்கிற அந்தப் போட்டி ஒவ்வொரு வருஷமும் தை மாதக் கடைசியில் வரும். அதற்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் குதிரை நன்றாகத் தேறியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்த மூன்று மாதமும் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வயல் முழுக்கத் தண்ணீர், வரப்பில் மனிதர் நடந்தாலே வழுக்கும், களிமண் குதிரையின் லாடத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் காய்ந்த வாய்க்காலைத் தாண்டி அழகாக ஓடிக்கொண்டிருந்த செவலைக்கு, வந்த முதல் வருஷ மழையில் குளம்பு அழுகிவிட்டது. அந்தத் தையில் பெங்களூர் போக முடியவில்லை. பூத்துக்குள் போய், வர முடியவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். "அடுத்த சீசன் பாத்துக்கலாம்க்கா" என்றார். கண் சிவந்திருந்தது.

அடுத்த சீசனுக்கு ஊரே சேர்ந்துகொண்டது. அது எப்படி நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மேலத்தெரு பெரிய வீட்டுக்காரர், தன் வரப்பைக் குதிரை மிதிக்கிறது என்று முதலில் சத்தம் போட்டவர், தானாகவே வந்து தன் நெற்களத்தை மழைக்காலம் முழுக்கக் கொடுத்தார். களத்துக்கு ஆற்று மணல் கொண்டுவந்து கொட்டினார்கள். பாமணியாற்றுக் கரையில் புல் வெட்டி, தண்ணீர் கட்டாத பாதை ஒன்று செய்தார்கள். தெற்குத் தெரு ஆட்கள்தான் அதில் பாதி வேலை செய்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிற பெண்கள் கரையில் நின்று, செவலை கழியைத் தாண்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

தெற்குத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இருந்தவர்கள் ஒரு காலத்தில் மேலத்தெரு நிலத்தில் பண்ணையாட்கள். அப்போது பலர் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மாடு என்று வைத்திருந்தார்கள், பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் முன்பிருந்த டாக்டர் தெரு முனையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மாட்டை அங்கே ஓட்டிவரச் சொல்வார். இந்த டாக்டரம்மா முதல் நாளே உள்ளே போய், அஞ்சலை வீட்டு வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்த உரல் மேல் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார். அஞ்சலை கணவன் இல்லாதவள். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றி மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அன்று மாலையே என் பூத்துக்கு வந்து, யாருக்கும் போன் பண்ணாமல், "டாக்டரம்மா எங்க வூட்ல டீ குடிச்சாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் இப்படி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறீர்கள் என்று டாக்டரம்மாவை ஒருமுறை விடாமல் கேட்டேன். லைன் கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னார்.

"எங்க குடும்பமும் பண்ணையில இருந்ததுதான்க்கா. எங்க தாத்தா சபைப் பள்ளிக்கூடத்துல படிச்சு வாத்தியாரானாரு. மொத மொதல்ல வேலைக்குப் போன ஊர்ல ஒரு வீட்டுல தண்ணி கேட்டிருக்காரு. அந்தம்மா சொம்ப நீட்டிட்டாங்க. அப்புறம் எந்தத் தெருன்னு கேட்டுட்டு, நீட்டுன கைய அப்படியே பின்னால இழுத்துக்கிட்டாங்களாம். எங்க வீட்ல யாரும் அத மறக்கல. எனக்கு என்னமோ, ஒருத்தங்க நீட்டுற கைய என்னால பின்னால போக வெக்க முடியல."

நான் கொக்கி தைப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு காபி விஷயத்தில் அவரைக் கேலி செய்யவில்லை.

அந்த வருஷம் இன்னொரு கையும் நீண்டிருந்தது. அவருடைய அண்ணன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய், தங்கையையும் வரவழைக்க எல்லாம் செய்துவிட்டார். அங்கே மேலே படிக்கலாம், பரீட்சை எழுதி அங்கேயே டாக்டராகலாம். வாரா வாரம் அண்ணன் என் பூத்துக்குக் கூப்பிடுவார். நான் எதிரே போய் டாக்டரம்மாவை அழைத்து வருவேன். அண்ணன் பேசப் பேச இவர் 'சரிண்ணா, சரிண்ணா' என்பார். அப்பாவுக்கும் ஆசை. எனக்கு மட்டும் தெரியும், இவருக்கு மனசில்லை. ஒருநாள் போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

"பங்குனியில போயாகணும்க்கா. செவலைய பெங்களூர் குதிர கிளப்லயே பாத்துக்குறோம்னுட்டாங்க. இந்தத் தை ஒண்ணுதான் எங்களுக்கு."

எங்களுக்கு என்றார். தனக்கும் குதிரைக்கும் என்று அர்த்தம்.

அந்த மார்கழியில் செவலையைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். உடம்பு பளபளவென்று, கழுத்து வளைந்து, தரையில் கால் பாவுகிறதா இல்லையா என்று தெரியாத நடை. டாக்டரம்மா கடிவாளத்தைச் சுண்டு விரலால் பிடித்திருக்கிற மாதிரி இருக்கும். அதன் தீனியில் மட்டும் அவர் ராணுவக் கண்டிப்பு. ஓட்ஸ் மெட்ராஸிலிருந்து வரும். ஊறவைத்த கொள்ளு, புல், வேளைக்கு இவ்வளவு என்று அவர் கையாலேயே அளந்து போடுவார். யாராவது கரும்புத் தோகையோ வாழைப்பழமோ கொண்டுவந்தால் வாங்கி, "அப்புறமா குடுக்குறேங்க" என்று உள்ளே வைத்துவிட்டு, அவர்கள் போனதும் ஆஸ்பத்திரி மாட்டுக்குப் போடுவார். வாங்கியும் ஆயிற்று, குதிரை வாயில் போகாமலும் ஆயிற்று. இந்தச் சாமர்த்தியம் ஒருநாள் பலிக்காது என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

பொங்கல் வந்தது. அது கழிந்து நாலைந்து நாளில் பெங்களூருக்குக் கிளம்ப லாரி பேசியிருந்தது.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் ஊரில் எல்லா மாடும் குளித்து, கொம்பில் வர்ணம் பூசி, கழுத்தில் நெட்டி மாலை போட்டு நின்றன. செவலைக்கும் ஒரு நெட்டி மாலை வந்தது. பெரிய வீட்டுக்காரர் தவிலும் நாயனமும் வைத்து, மாடுகளோடு குதிரையையும் களத்துக்கு அழைத்துவர ஏற்பாடு செய்திருந்தார். ஊரின் சார்பில் பெங்களூர் போகிற குதிரை அல்லவா? டாக்டரம்மா பட்டுப் புடவை கட்டி, செவலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டி ஆனதும் பெரிய வீட்டு அம்மாள் ஒரு தட்டு நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு செவலையிடம் வந்தார்.

"குதிரைக்கு இது ஒத்துக்காதுங்கம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் அழுத்திச் சொல்லவில்லை.

"நாளும் கிழமையுமா ஒரு வாய் சாப்டா என்ன ஆயிடப் போவுது? அதுவும் நம்ம ஊருப் புள்ளதானே" என்று அந்த அம்மாள் ஓர் உருண்டையை நீட்டிவிட்டார். செவலை நாக்கைச் சுழற்றி வாங்கிக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டரம்மா சிரித்தார். அடுத்து அந்த அம்மாளின் நாத்தனார், அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மேலத்தெருவில் அவ்வளவுதான் வீடுகள். இனி போதும் என்று டாக்டரம்மா கயிற்றைப் பிடித்துத் திருப்பினார்.

திரும்பிய இடத்தில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். வாழை இலையில் பொங்கல். அவள் பின்னால் தெற்குத் தெருவே நின்றது, கையில் இலைகளோடு.

டாக்டரம்மா செவலையின் வயிற்றைப் பார்த்தார். பிறகு அஞ்சலையைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் அஞ்சலை புரிந்துகொண்டாள், அல்லது தப்பாகப் புரிந்துகொண்டாள். காலம் காலமாகப் பழகின உடம்பு அது, யோசிக்கத் தேவையே இல்லை. "இல்லீங்க டாக்டரம்மா, நாங்க சும்மா குதிரயப் பாக்கத்தான் வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே இலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பாய்ந்து அந்த இலையைப் பிடித்தார். பாய்ந்து என்றுதான் சொல்ல வேண்டும். "குடுங்க அஞ்சலை, நானே ஊட்டுறேன்" என்றார். தன் கையாலேயே செவலையின் வாயருகே கொண்டுபோனார். குலவைச் சத்தம் எழுந்தது. அதற்குப் பிறகு யாரை நிறுத்துவது? ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் "கொஞ்சமா, கொஞ்சமா" என்று சொன்னார். சின்னப் பிள்ளைகள்கூட ஊட்டினார்கள். செவலைக்குச் சந்தோஷம், இப்படி ஒரு தீனியை அது கண்டதே இல்லை. நான் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு சிரித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் செவலையின் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி ஊர் அடங்குகிற நேரத்துக்கு செவலை முன்னங்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தது. உடம்பெல்லாம் வியர்த்தது. டாக்டரம்மா புடவையை மாற்றக்கூட இல்லை. மூக்கு வழியாகக் குழாய் விட்டார், எண்ணெய் விட்டார், ஊசி போட்டார். படுத்துப் புரளவிடாமல் நடத்திக்கொண்டே இருந்தார். ஊர் முறை போட்டுக்கொண்டு கூட நடந்தது. அஞ்சலை வீட்டுக்கே போகவில்லை.

"வாந்தி எடுத்துட்டா சரியாயிடும்ல?" என்று நான் கேட்டேன்.

"குதிரைக்கு வாந்தி வராதுக்கா" என்றார் மெதுவாக. "மாடு அச போடும். இது உள்ள போனத வெளிய கொண்டு வரவே தெரியாத சென்மம்."

காணும் பொங்கலன்று காலை, செவலை சட்டென்று அமைதியாகிவிட்டது. தரையைப் பறிப்பது நின்றது, முனகல் நின்றது. தலையைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. "சரியாயிடுச்சு! கண்ணு தெளிஞ்சிடுச்சு பாருங்க!" என்று கூட்டத்தில் ஒரே ஆரவாரம். டீக்கடை பாய் எல்லோருக்கும் டீ போடச் சொன்னார். அஞ்சலை இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி அழுதாள்.

டாக்டரம்மா மட்டும் அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்த அமைதியின் அர்த்தம் தெரிந்திருந்தது. உள்ளே வயிறு கிழிந்துவிட்டால் வலி கொஞ்ச நேரம் நின்றுவிடுமாம். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லையாம். இதையெல்லாம் அவர் பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது அவர் எழுந்து, உள்ளே போய் ஓர் ஊசியோடு வந்தார். செவலையின் நெற்றி வெள்ளையில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஊசி போடும்போது ஊர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, நல்ல மருந்து என்று நினைத்து.

ஆற்றுப் படுகையில் புதைத்தோம். அவ்வளவு பெரிய குழியை அதுவரை நான் பார்த்ததில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார்: "குடல் முறுக்கிக்கிச்சுங்க. குதிரைக்கு அப்படித் திடீர்னு வரும். யார் கையிலயும் இல்ல."

அஞ்சலை தனியாக வந்து கேட்டாள். அவளுக்குள் ஏதோ அரித்துக்கொண்டிருந்தது. "நாங்க ஊட்டுனதுனால ஒண்ணும் இல்லீங்களே டாக்டரம்மா?"

"சீச்சி, அதெல்லாம் இல்ல அஞ்சலை. நல்லாத் தின்னுச்சே, நீங்கதான் பாத்தீங்களே" என்றார். அப்படி ஒரு பொய்யை அவ்வளவு தெளிவாக நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

இரண்டு போன் பேசினார். பெங்களூருக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று. பெங்களூருக்கு, குதிரை செத்துவிட்டது என்று இங்கிலீஷில் சொன்னார். அமெரிக்காவுக்கு, "வரேண்ணா" என்றார். வெளியே வந்து என் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். என்னால் அடக்க முடியவில்லை. கோபமும் அழுகையுமாகக் கேட்டுவிட்டேன்.

"டாக்டருக்குப் படிச்சவங்கதானே நீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க குதிர இருந்திருக்குமே!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கக்கா சொல்றது? மேலத்தெருவுல சொல்லியிருக்கணும். அங்க அழுத்திச் சொல்ல வாய் வரல, விட்டுட்டேன். அவங்ககிட்ட வாங்கிட்டு அஞ்சலைகிட்ட வேண்டாம்னா, அது வேற சொல்லா ஆயிடாதா?"

நான் எழுந்து போய் பூத்தின் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"யாருக்கும் சொல்லிடாதீங்கக்கா. ஊர் முழுக்க ஆசையா ஊட்டுனாங்க. அவங்களுக்குத் தெரியவே கூடாது."

சரி என்று தலையாட்டினேன். மற்றவர்களின் ரகசியங்கள் என்னிடம் எத்தனையோ இருந்தன. எதுவும் இப்படிக் கனத்ததில்லை.

பங்குனியில் அவர் கிளம்பினார். போவதற்கு முன் வீடு வீடாக விருந்து. எல்லா வீட்டிலும் சாப்பிட்டார், எல்லோர் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டார். அமெரிக்காவுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்காமல் வடகமும் ஊறுகாயும் நெட்டியில் செய்த கோயில் கோபுரமும் வாங்கிக்கொண்டார். பஸ் ஏறும்போது மட்டும், ஆற்றுப் படுகை இருக்கிற பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டு மூன்று வருஷம் என் பூத்துக்குப் போன் வந்துகொண்டிருந்தது. அங்கே பரீட்சை எழுதித் தேறிவிட்டார், நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். குதிரை ஓட்டுகிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். அதற்கு அவர், அஞ்சலையின் மாடு கன்று போட்டதா என்று கேட்டார். கைக்குக் கை செல்போன் வந்து நான் பூத்தை மூடிய பிறகு அந்தத் தொடர்பும் விட்டுப்போயிற்று.

அஞ்சலை மட்டும் விடவில்லை. அவளுடைய மகள் படித்து முடித்துச் சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள், அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இவள் போக மாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் வாழை இலையில் பொங்கலை எடுத்துக்கொண்டு படுகைக்குப் போய், செவலையைப் புதைத்த இடத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறாள். போன தையில் நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கக்கா. நம்ம செவலைக்குத்தான் வச்சேன். அல்பாயுசுல போயிடுச்சு, பாவம். ஆனா ஒண்ணுக்கா, நெனச்சா மனசு ஆறுது. போறதுக்கு மொத நாளு எங்க தெரு மொத்தமும் அதுக்கு ஊட்டுனோம். டாக்டரம்மா என் கையில இருந்து எலைய வாங்கி அவங்க கையாலயே ஊட்டுனாங்க. வயிறு நெறஞ்சுதான் போச்சு அது. இல்லீங்களா?"

"ஆமா அஞ்சலை" என்றேன்.

"பசியோட போகல."

"போகல" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெயில் ஏறுகிறது என்று சொல்லிக் கிளம்பினேன். அஞ்சலை இலையில் மிச்சமிருந்த பொங்கலை உருட்டி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று என்னிடம் நீட்டினாள்.